சாக்குப் போர்த்த மறியாடு

…கப்பல் வேலைக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறானாம் பிள்ளை, முன்வீட்டு மரிசெல்லின்ர தம்பி. கதிரையை இழுத்துப் போட்டு இரு, சொல்லுறன்.

மரிசெல்லை உனக்குத் தெரியும்தானே? வயசுபோன ஆக்களின்ர இல்லத்தில வேலை செய்யிற பிலிப்பைன்ஸ்காரப் பிள்ளை. எனக்கு இங்கிலீசு வராது, அவவுக்குத் தமிழ் வராது. ஆனா எங்கட கதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு வந்து தன்ர ஊரைக் காட்டுவா. வயல், தென்னை, சேத்துக்குள்ள படுத்திருக்கிற எருமை. என்ர பேத்தி பக்கத்தில இருந்து தமிழில சொல்லுவாள். இப்ப அவளும் படிக்கவெண்டு தூரத்துக்குப் போயிட்டாள், நாங்கள் ரெண்டுபேரும் கையாலதான் கதைக்கிறம்.

அந்த ஊரில இளந்தாரியள் எல்லாம் கப்பலிலயாம். பெட்டையள் எல்லாம் பிற தேசத்தில ஆரின்ரையோ பிள்ளையைப் பார்க்கவாம். வயலில நிக்கிறது கிழடுகள்தான். இனி இந்த ஊர் என்னத்தைச் செய்து சீவிக்கப் போகுது எண்டு ஊர்ச் சபையில கூட்டம் வைச்சுக் கேட்டிருக்கினம். ஒருத்தர் வயலை நிரவிப்போட்டு வெள்ளைக்காரர் வந்து தங்க விடுதி கட்டுவம் எண்டாராம். மரிசெல்லின்ர தம்பி எழும்பி, நான் ஆட்டுப்பண்ணை போடப்போறன் எண்டானாம். சபை முழுக்கச் சிரிச்சதாம். கப்பலில அவனுக்கு இடமும் வந்து கிடக்காம். மரிசெல்லுக்கு அவனைக் கப்பலுக்கு விட மனமில்லை. ஒரேயொரு தம்பி.

நேற்று போனில அவன்ர ஆட்டுக்கொட்டிலைக் காட்டினா. பார்த்தால், வரம்பு முழுக்க இப்பில் இப்பில், ஆட்டுக்குக் குழை வெட்டிற மரம்! அவவின்ர தேசத்தில இருந்து வந்த அந்த மரம்தான் எங்கட ஊரிலயும் நிண்டது பிள்ளை. எனக்கு எழும்பித் துள்ளலாம் போல கிடந்தது. பிறகு பார்த்தால், ஆட்டுக்கு முன்னால வேற ஒரு இலை குழையும் இல்லை, அது மட்டும்தான் கட்டுக்கட்டாக் கிடக்கு. உடன என்ர முடியைப் பிடிச்சு இழுத்து, கையை விரிச்சு, கொட்டுப்படும், கொட்டுப்படும் எண்டு காட்டினன். பாவம், இண்டைக்குக் காலமை எனக்கொரு ஷாம்புப் போத்தல் வாங்கிக்கொண்டு வந்து தந்திட்டுப் போறா!

நீ சிரி. ஆனா எங்கட வீட்டில நடந்ததைக் கேள்.

நான் அப்ப சின்னப்பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு விடேல்லை, ஆட்டுக்குப் பின்னாலதான் திரிஞ்சனான். அம்மாவின்ர தம்பி, எங்கட சின்ன மாமா, எங்களோடதான் இருந்தவர். நல்ல வடிவான மனிசன், தலைக்கு எண்ணெய் வைச்சால் கண்ணாடி கேட்பார். அது கிடக்கட்டும். விவசாயக் கந்தோரில இருந்து ஒருத்தர் வந்து, இது பிலிப்பைன்ஸில இருந்து வந்த இப்பில் இப்பில் விதை, குழை தின்ற ஆடு பன்னி மாதிரிக் கொழுக்கும் எண்டு குடுத்திட்டுப் போனார். மாமா அதைக் கொதிதண்ணியில ஊறப்போட்டு, வேலி முழுக்க ஊண்டினார். கூட்டாளியள் ரெண்டுபேர் கப்பலேறிட்டினம், வா எண்டு மாமாவுக்கும் ஆள்மேல ஆள் அனுப்பிச்சினம்.

"நான் ஏன் கடலில போய் அலையிறன்? ரெண்டு வருசத்தில பாருங்கோ அக்கா, ஊரே என்னட்டைத்தான் ஆடு வாங்கும்" எண்டு சொல்லுவார்.

மரம் நெடுநெடுவெண்டு வந்தது. எங்களிட்ட இருந்தது ஒரு கறுத்த மறியாடு, பெட்டை ஆடு. அதுக்கு இனிக் கிளுவையும் இல்லை, பூவரசும் இல்லை, எந்நேரமும் இப்பில் இப்பில்தான். கொஞ்ச நாளில வாலில முடி கொட்டத் தொடங்கினது. பிறகு முதுகு. அம்மா விடியமுன்னம் எழும்பி, மாமா முழிக்கமுதல் கொட்டிலைக் கூட்டி, முடியெல்லாத்தையும் அள்ளி அடுப்புக்குள்ள போடுவா. ஒரு நாள் ஆட்டுக்கு மேல சாக்கைப் போட்டுக் கட்டிவிட்டா.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால எட்டிப் பார்த்தா. "என்ன உது, சித்திரை வெயிலில ஆட்டுக்குப் போர்வை?"

"தடிமன் பிடிச்சிட்டுது" எண்டா அம்மா.

எனக்கெண்டால் சரியான சந்தோசம். உடுப்புப் போட்ட ஆடு ஆரின்ர வீட்டில நிக்குது, சொல்லு?

கந்தோர்க்காரர் திரும்ப வந்தார், ஊர்ச்சனம் எல்லாத்தையும் கூட்டிக்கொண்டு. இவரின்ர ஆடு எப்பிடிக் கொழுத்திருக்கு பாருங்கோ எண்டு சொல்லிச் சாக்கை இழுத்தார். ஆடு உரிச்ச பனங்கிழங்கு மாதிரி நிண்டது.

"ஆர் மொட்டை அடிச்சது? கோயில் நேர்த்தியோ?" எண்டு கேட்டார் பக்கத்து வீட்டு மாமியின்ர புருசன். சனம் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சது. "மற்றக் குழையோட கலந்தெல்லோ குடுக்கவேணும்!" எண்டார் கந்தோர்க்காரர். அதை அவர் அண்டைக்குத்தான் முதன்முதல் சொன்னவர்.

மாமா சாக்கை எடுத்து ஆட்டுக்குத் திரும்பக் கட்டிவிட்டார். அந்தக் கிழமையே கப்பலுக்குப் பேர் குடுத்தார். பிறகு ரெண்டுதரம் வந்துபோனவர், அவ்வளவுதான். எங்கயோ ஒரு குளிர் நாட்டில கரையேறி, அங்கயே முடிஞ்சுபோனார்.

அதுதான் பிள்ளை, பின்னேரம் மரிசெல் வேலையால வந்தோடன நீ இங்கிலீசில சொல்லிவிடு. குடுக்கவேண்டாம் எண்டு மட்டும் சொல்லிப்போடாத, பெடியன் மனமுடைஞ்சு போயிடுவான். புல்லோட கலந்து, கொஞ்சமாக் குடு, நல்ல சாப்பாடு எண்டு சொல்லு. மரம் நல்ல மரம்தான்.

மாமா போனாப்பிறகு அம்மா ஆட்டுக்குப் பழையபடி கிளுவங்குழை ஒடிச்சுப் போட்டா. ஒரு நாள் நான் தடவிப் பார்க்கிறன், முதுகில பட்டு மாதிரிச் சின்ன முடி. "அம்மா, ஓடி வாணை, முடி வந்திட்டுது!" எண்டு கத்தினன். அம்மா வந்தா, தடவினா. "ஓம், வந்திட்டுதுதான்" எண்டா. சொல்லிப்போட்டு ஆட்டின்ர கழுத்தில முகத்தை வைச்சு அழுதா. ஆடு சுகமானதுக்கு ஏன் இந்த மனிசி அழுகுது எண்டு எனக்கு விளங்கேல்லை. சந்தோசப்படட்டும் எண்டு ஆட்டின்ர வாலையும் தூக்கிக் காட்டினன், "இஞ்சயும் வந்திட்டுது பாரணை" எண்டு…

ஐயோ, கீழ எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கிற மிஷின் எப்பவோ நிண்டிருக்கும் பிள்ளை! எடுக்காட்டிச் சனம் ஈரத்தோட தூக்கி மேசையில எறிஞ்சிடும். அந்தக் கூடையை ஒருக்கால் எடு.