நின்றுபோன விரிசல்

என் அப்பாவுக்கு பீங்கான் என்றால் சோற்றுத் தட்டுதான். மலாய்க்காரர்கள் தட்டைப் பிங்கான் என்பார்கள். ஆயுள் முழுக்க அதைக் கேட்டுப் பழகிய காது. எங்கள் ஊரான யோங் பெங்கில் காலையில் கோப்பி குடிக்கும் கடையில் என் ஆராய்ச்சியைப் பற்றி அவர் இப்படித்தான் சொல்வார்: "எம்மவன் யுனிவர்சிட்டில உடையாத பிங்கான் செய்றான்லா."

"அதான் பிளாஸ்டிக்ல வந்திருச்சே," என்றார் அவருடன் லாரி ஓட்டும் நண்பர்.

நான் விட்டுக்கொடுக்காமல் விளக்கினேன். பீங்கான் கெட்டியானது. நெருப்புக்கும் அசையாது. ஆனால் ஒரு விரிசல் விழுந்தால் அது மறுமுனை வரைக்கும் ஓடிவிடும். உள்ளே மெல்லிய இழைகளைப் பதித்துச் சுட்டால், ஓடிவரும் விரிசல் இழையில் முட்டி, வழி திரும்பி, களைத்து நின்றுவிடும். அப்படி நிற்க வைப்பதுதான் என் வேலை.

"நின்னுச்சா?" என்று அப்பா கேட்டார்.

"இன்னும் இல்லப்பா."

"நிக்குதுன்னா மொத ஒண்ண உங்கம்மா கையில குடு. ஒரே வாரத்துல தெரிஞ்சிடும்."

கடையே சிரித்தது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பில் அவருக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பிக் காலில் சப்பாத்து மாட்டக் குனிந்த அப்பா நிமிரவில்லை.

நான் ஒரே மகன். மின்சுடலையில் தோளில் தண்ணீர்க் குடத்துடன் அவரைச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் சித்தப்பா கத்தி முனையால் குடத்தில் ஓர் ஓட்டை போட்டார். மூன்றாவது சுற்று முடிந்ததும், திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்னால் விட வேண்டும். விட்டேன்.

தொம் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"அலமாக், உடையலையே," என்றது யாரோ ஒரு குரல்.

"மனுசனுக்குப் போக மனசில்ல," என்று ஓர் அத்தை அழத் தொடங்கினார்.

சித்தப்பா குனிந்து பார்த்திருக்க வேண்டும். "விரிசல் விட்டிருக்குடா. ஓட்டை வரைக்கும் வந்து நின்னுபோச்சு."

பார்க்காமலே எனக்குப் புரிந்தது. விரிசலின் வலுவெல்லாம் அதன் கூரான முனையில் இருக்கிறது. வட்டமான ஓட்டையில் வந்து விழுந்ததும் முனை மழுங்கிவிடும், அதற்குமேல் ஓடத் தெம்பிருக்காது. உலையில் சுட்டுச் சுட்டு நான் கெஞ்சியும் நிற்காத விரிசல், கடையில் வாங்கிய மண்குடத்தில் தானாக நின்றிருந்தது. அப்பா இருந்திருந்தால் அன்றைக்கே கோப்பிக் கடையில் சொல்லியிருப்பார்.

"திரும்பாதீங்க தம்பி," என்றார் சடங்கு நடத்திய பண்டாரம். "குடத்த எடுத்துக் குடுப்பாங்க. மறுபடியும் போடுங்க."

சித்தப்பா குடத்தைத் தோளில் வைத்தார். என் காதருகே மெல்லச் சொன்னார்: "ஏன்டா, புள்ளையத் தொட்டில்ல போடற மாதிரி போடற? ஓங்கிப் போடு. அண்ணன் போகணும்ல."

என் விரல் விரிசலைத் தேடிக் கண்டது. ஓட்டைக்கும் குடத்தின் வாய் விளிம்புக்கும் நடுவே ஒரு குறுகிய இடம். அந்த இடம் தரையில் பட்டால் நிற்க வழியே இல்லை. விரிசலை நிறுத்துவதற்காகப் படித்த படிப்பு, அது எங்கே நிற்காது என்பதையும் சொல்லிக் கொடுத்திருந்தது. குடத்தைக் கொஞ்சம் திருப்பினேன். அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துக்கொண்டேன். அப்படியே நின்றேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு ஓங்கிப் போட்டேன்.

"நட," என்றார் சித்தப்பா.

வீட்டில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தலை ஈரத்தை முந்தானையால் துவட்டிக்கொண்டே கேட்டாள்:

"அனுப்பி வச்சிட்டியாப்பா?"

"வச்சிட்டேம்மா."