மாப்பிள்ளைக்கு என்ன குறை

சின்ன அத்தை சினிமாவுக்குப் போவதென்றால் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு அக்காமார் இருவர் என்று நான்கு பேர் காவல் வேண்டும். பெரிய அத்தை போவதென்றால் நான் ஒருவன் போதும். எனக்கு அப்போது எட்டு வயது. எதையும் எண்ணிப் பார்த்துக் கவலைப்படும் புத்தி அந்த வயதிலேயே வந்துவிட்டது. ஒரு தங்கைக்கு நான்கு, இன்னொரு தங்கைக்கு ஒன்று என்பது கணக்காகப் படாததால் அப்பாவிடமே கேட்டேன்.

"அவள யார்ரா பாக்கப் போறாங்க?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்யாது, குடை எதற்கு என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

பெரிய அத்தைக்குக் கைக்குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிவிட்டது. ஒரு கையில் தடியும் மறு கையில் என் தோளுமாக நடப்பாள். எங்கள் ஊர் வல்லக்கோட்டைக்குப் பக்கம். ஒரகடம் கூட்டுரோட்டில் டென்ட்டுக் கொட்டாய் போட்டிருந்தார்கள். படம் மாறிய முதல் வாரத்திலேயே அத்தை பார்த்துவிடுவாள். "பாவம், அவளுக்கு வேற இன்னா இருக்குது, போய்ட்டு வரட்டும்" என்று அம்மாவே தலைவாரி அனுப்புவாள். அந்தப் பாவத்தின் புண்ணியத்தில் ஊரில் எந்தப் பெண்ணும் பார்க்காத அளவு படம் அவள் பார்த்தாள்.

கொட்டாயில் பெண்கள் பக்கம் முழுவதும் மணல்தரை. அத்தையால் காலை மடக்கி உட்கார முடியாது. கொட்டாய் முதலாளி இரக்கப்பட்டு, பின்னால் ஆபரேட்டர் அறையின் வாசலில் காலிப் பெட்டி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார். முன்னால் உட்கார்ந்திருந்த ஊர் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தையும் ஆபரேட்டரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இவன் செத்துருவான் பாரு" என்பாள் அத்தை.

"இன்னும் மூணு ரீல் கீது. அதுக்குள்ள சாவடிக்காத" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

மெஷின் கடகடவென்று ஓடும் சத்தத்தில் பக்கத்திலிருக்கும் எனக்கே அத்தை சொல்வது பாதிதான் கேட்கும். அவருக்கு ஒரு வார்த்தை தப்பாது. ஒற்றை மெஷின் என்பதால் ரீல் மாற்ற ஒரு படத்துக்கு நான்கு இடைவேளை விடுவார்கள். நான்கிலும் எனக்கு வறுத்த பட்டாணி கிடைத்தது. வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லும்படி அங்கே ஏதோ நடக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆபரேட்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பூவும் பழமுமாகத் தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாலாஜாபாத்துக்காரர்கள், எங்கள் ஆட்களே, பெண் கேட்டு வந்திருக்கிறோம் என்றதும் வீடு பரபரத்தது. பெரிய அத்தையைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு, சின்ன அத்தைக்கு அம்மாவின் பட்டுப்புடவையைச் சுற்றி, கையில் காபித் தட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். ஆபரேட்டர் தலை நிமிராமல் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

அவருடைய அம்மா சிரித்தாள். "இது சின்னவங்க போலக்குது. நாங்க பெரியவங்கள கேட்டு வந்தோம்."

அப்பாவுக்குப் புரியச் சற்று நேரமானது. "பெரியவளா? அவளுக்குக் கால் வந்து..."

"தெரியும்ணே. கொட்டாயில பாத்திருக்கேன்" என்றார் ஆபரேட்டர்.

"தெரிஞ்சுமா கேக்குற?"

கொட்டாயில் எப்படிப் பார்த்தாய், எவ்வளவு நாளாய்ப் பார்த்தாய் என்று அப்பா கேட்கவேயில்லை. சின்ன அத்தை விஷயமாக இருந்தால் அன்றைக்கு ரகளை நடந்திருக்கும். அவருக்கு வந்ததெல்லாம் சந்தேகம்தான். நல்ல கையும் காலும் உள்ள ஒருத்தன் இவளைக் கேட்கிறான் என்றால் அவனிடம் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் போனார். டீக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் விசாரித்தார். குடி உண்டா, வலிப்பு வருமா, வேறெங்காவது குடும்பம் வைத்திருக்கிறானா? ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொல்லச் சொல்ல அவர் முகம் இருண்டுபோனது. அந்த வாரத்திலேயே இன்னொரு தடவையும் போய்வந்தார்.

"தங்கமான பையன்றாங்க. அதான் பயமா கீது" என்றார் அம்மாவிடம்.

"எதுனா இருக்கும். இல்லாம வருவானா?" என்றாள் அம்மா.

"வாணாம்னு சொல்லி அனுப்பிடலாம். நாளைக்கு இவ கண்ணக் கசக்கினு வந்து நின்னா யார் பதில் சொல்றது?"

"எனக்குப் புடிச்சிருக்குதுண்ணா" என்றாள் வாசற்படியில் நின்றிருந்த அத்தை. "ஒனக்கு இன்னாம்மா தெரியும்" என்று அப்பா மிகுந்த பிரியத்தோடு சொல்லிவிட்டு எழுந்து போனார். அத்தை அன்று சாப்பிடவில்லை.

மறுவாரம் புதுப்படம். அத்தை பெட்டியில் உட்காரவேயில்லை. அறை வாசலில் நின்றே பேசினாள். நானும் ஒட்டி நின்றதால் எல்லாம் கேட்டது.

"எங்க அண்ணனுக்கு உங்கிட்ட ஒரு குறை வேணும். இல்லாம குடுக்க மாட்டாரு."

"இன்னா குறை வேணும்னு கேட்டுனு வா. ரெடி பண்ணிடலாம்."

"வெளையாடாத. சொல்லி அனுப்பப் போறாரு." அத்தை கொஞ்சம் யோசித்தாள். "கண்ணு வாணாம், உன் வேலை போயிடும். காலு என்னோடது. காத வச்சிக்க. மெஷின் சத்தத்துல போச்சுன்னு சொன்னா நம்புவாரு."

"எந்தக் காது?"

"இடது. மறந்துடாத."

ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக வந்தார். அம்மா கொடுத்த காபியைப் பாதி குடித்ததும், தலையைக் குனிந்துகொண்டு, "மறைக்கக் கூடாதுண்ணே. எனக்கு இடது காது சுத்தமா கேக்காது" என்றார்.

அப்பா உட்கார்ந்தபடியே ஒரு பெருமூச்சு விட்டார். பல நாள் காய்ச்சல் விட்டதைப் போல முகம் தெளிந்தது. ஆனாலும் அவர் அப்பா அல்லவா? வெற்றிலைச் செல்லத்தை எடுப்பது போல எழுந்து இடது பக்கம் போய், "மாப்பிள, காபில ஈ கீது" என்று மெதுவாகச் சொன்னார்.

ஈ இருக்கிறதா என்று நானே டம்ளரை எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை அதில் மிச்சமிருந்த காபியை ரசித்துக் குடித்து முடித்தார்.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாமில்ல?" என்று அப்பா இப்போது வலது காதில் கத்தினார். அம்மா இரண்டாவது டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள்.

கல்யாணம் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் நடந்தது. அதற்குப் பிறகு அப்பா உயிரோடு இருந்தவரை மாமாவிடம் வலது பக்கம் போய்க் கத்தித்தான் பேசுவார். மாமாவும் மரியாதையாகத் தலையைத் திருப்பிக் கொடுப்பார். இடது பக்கம் அத்தை நின்றால் மட்டும் அவருக்குத் தானாகச் சிரிப்பு வரும்.

காது விஷயம் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை வழியனுப்பிவிட்டு அப்பா நேரே அடுப்பங்கரைக்கு வந்தார். அத்தை சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். உண்மை எந்த நிமிடமும் வெளியே வந்துவிடும், முதல் அடி எனக்குத்தான் என்று நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒனக்கு ஏத்த மாப்பிள தாம்மா" என்றார் அப்பா. கண் கலங்கியிருந்தது. "இனிமே நான் நிம்மதியா தூங்குவேன்."

அத்தை அவரையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். அதைப் பார்த்து அப்பாவும் சிரித்தார். அடி விழாது என்று தெரிந்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் ஒரே விஷயத்துக்குத்தான் சிரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.