சப்பாத்தோடு வந்த வீரன்

இயந்திரங்களோடு பேசாமல் கமலநாயகிக்கு வேலை ஓடாது. தூசு உறிஞ்சும் இயந்திரத்திடம், "களைச்சுப் போனியோ? இந்த அறையோட விடுறன்" என்பார். கணினித் திரையைத் துடைக்கும்போது, "கண்ணை மூடு" என்பார். மின்தூக்கியோடு மட்டும் பேச்சுவார்த்தை இல்லை. "அது நினைச்சால்தான் கதவு திறக்கும்" என்று மூன்று மாடியும் நடந்தே ஏறுவார்.

யாழ்ப்பாணத்துத் தொலைபேசி நிலையத்தில் பதினொரு வருடம் இணைப்புக் கொடுத்தவர். எண்பத்துநாலில் ஜேர்மனியின் டோட்முண்டு நகரத்துக்கு வந்தார். அகதி அந்தஸ்து கிடைத்ததும், வீட்டுக் கணினிகளுக்கு விளையாட்டுகள் செய்யும் ஒரு சிறிய கம்பனியில் துப்புரவு வேலை கிடைத்தது.

எண்பத்தேழு இலையுதிர்காலத்தில் ஒருநாள், உவே என்ற இளம் நிரலாளன் தன் புதிய விளையாட்டை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கதை இந்தியாவில் நடக்கிறது. தலைப்பாகைக்காரர்கள் பாம்பு எறிகிறார்கள். சுவரில் சீன எழுத்து. முழங்கால்வரை சப்பாத்து போட்ட வெள்ளைக்கார வீரன் ஒருவன் துப்பாக்கியோடு கோவிலுக்குள் நுழைகிறான். கருவறையில் எட்டுக் கைகளோடு ஒருத்தி தீ கக்குகிறாள். மூன்று வெடியில் அவள் சிதற, நெற்றி மாணிக்கத்தை வீரன் பொறுக்கிக்கொள்கிறான்.

"எடேய், சப்பாத்தோட எங்கையடா போறாய்?" பின்னால் கூட்டிக்கொண்டிருந்த கமலநாயகி திரையைப் பார்த்து அதட்டினார்.

தமிழ் விளங்காமல் உவே திரும்பிப் பார்த்தான். கமலநாயகி தன்னிடமிருந்த அரைகுறை ஜேர்மனில் சொன்னார்: அது கோவில், அவள் எங்கள் அம்மா. உவேயின் காது சிவந்தது. மற்ற விளையாட்டுகளைப் பார்த்து வரைந்தவன் அவன். அவளைக் கும்பிடும் ஒருவரை அன்றுதான் கண்டான்.

விளையாட்டை மாற்றலாமா என்று உவே கேட்டும் முதலாளி அசையவில்லை. மூன்று வாரத்தில் வெளியீடு, துப்புரவுக்காரியிடம் யோசனை கேட்க நேரமில்லை என்றார். கமலநாயகி மேலங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். அவர் சொன்ன ஜேர்மனைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அம்மனைச் சுடுற இடத்தைக் கூட்ட எனக்கு ஏலாது."

நான்காம் நாள் உவே கட்டம் போட்ட தாள்களோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினான். அவளைச் சுடக்கூடாது என்றால் எதிரி யார் என்று கேட்டான்.

"மாணிக்கத்தைக் களவெடுக்க வாறவன்தான் கள்ளன். வேறை ஆர்?"

அந்த ஒரு பதிலில் விளையாட்டு தலைகீழானது. வீரன் இப்போது கோவிலின் காவல்காரன். கள்ளர்களை விரட்டிக்கொண்டு உள்ளே போகவேண்டும். அம்மன் அசையாமல் வீற்றிருந்தாள். வாசல் சுவரில் சீன எழுத்தை அழித்த இடத்தில், ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, 'சப்பாத்தைக் கழற்றவும்' என்று கமலநாயகி எழுதினார். திருத்தியதை வாங்கி விளையாடிப் பார்த்த முதலாளி மதியச் சாப்பாட்டை மறந்தார். மறுநாள் கமலநாயகிக்குத் தானே தொலைபேசி எடுத்தார்.

மார்கழியில், நகரத்துப் பெரிய கடையொன்றில் விளையாட்டை வெளியிட்டார்கள். கூட்டம் நெருக்கியடித்தது. நெடிய கோட்டு அணிந்த ஒருவர் விளையாடி, கோவில் வாசலில் சிக்கிக்கொண்டார். கதவைச் சுட்டார், திறக்கவில்லை. உதைத்தார், திறக்கவில்லை. கடைசியில் வழி கேட்டு முதலாளியைப் பார்த்தார். முதலாளி சற்று விலகி நின்று, அந்த அம்மையாரிடம் கேளுங்கள் என்று கமலநாயகியைக் காட்டினார்.

நூறு முகங்கள் திரும்பின. கமலநாயகி கைப்பையை முதலாளியிடம் கொடுத்துவிட்டு முன்னே வந்தார். அந்த மனிதரின் கைமேல் தன் கையை வைத்து, விளையாட்டை இயக்கும் பிடியை மெல்லக் கீழே அழுத்தினார். திரையில் வீரன் குனிந்து சப்பாத்தைக் கழற்றினான்.