மாதுளைக் குச்சிக்கு ஓர் எக்ஸ்ரே

உள்ளறையிலிருந்து விசில் சத்தம் காதைத் துளைத்தது.

பால்கனியில் குந்தியிருந்த பெரியவள் சூடு பட்டவளைப் போலக் கையை இழுத்துக்கொண்டாள். அவள் விரலுக்கும் தொட்டியில் நட்டிருந்த மாதுளைக் குச்சிக்கும் நடுவே நூலளவு இடைவெளிதான் இருந்தது.

"பிடுங்கப் போனியா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இல்லையே! சும்மா தூசி தட்டினேன்."

"குச்சியில என்ன தூசி? கையை எடு. இல்லேன்னா அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்டுடுவேன்."

அவள் கணவர் பஸ் கண்டக்டர். வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் தலை வாரிக்கொண்டே, அதே கண்ணாடியில் பால்கனியையும் கவனிப்பார். அவருடைய விசிலுக்கு நெரிசலான பஸ்கூட நின்றுவிடும். பெரியவளை நிறுத்துவதுதான் பெரும்பாடு.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், மனிதனுக்குள் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு, மண்ணுக்குள் வேர் விட்டதா இல்லையா என்று தெரியாமல் காத்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை!

ஒரு நாள் போனில் ஏதோ ஒரு படம் வந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவே இருந்த தொட்டியில் முழு மரம் ஒன்று கிளை பரப்பி நின்றது. அன்றைக்குப் பிடித்தது போன்சாய்ப் பைத்தியம். கண்ணில் பட்ட செடியையெல்லாம் ஒடித்து வந்து நட்டாள். நட்டதையெல்லாம் மறுநாளே பிடுங்கிப் பார்த்தாள். பார்த்ததெல்லாம் செத்தது.

"வேர் விடலாமான்னு அது யோசிக்கிறதுக்குள்ள நீ தலைமுடியைப் பிடிச்சுத் தூக்கிடுறே" என்று கண்டக்டர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஆனால் இந்த மாதுளை விஷயத்தில் மட்டும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. காரணம், அது தங்கை கொடுத்தனுப்பியது.

அம்மா போன அன்று, அழுது வீங்கிய கண்களோடு சின்னவள் ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். "அம்மாவை நீயா பாத்துக்கிட்டே? நாள் முழுக்க ஊரார் எலும்பைத்தானே பாத்துக்கிட்டிருந்தே!" பெரியவள் சும்மா இருந்தாளா? "நீ மட்டும் தையல் மெஷினை விட்டு எழுந்தியாக்கும்!" என்றாள். அவ்வளவுதான். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், ஒரே ஊரில் இருந்துகொண்டு வருஷக்கணக்காக முகம் பார்க்காமல் கிடந்தார்கள்.

இப்போது சாலையை அகலப்படுத்துகிறோம் என்று, சின்னவள் குடியிருந்த அம்மா வீட்டை இடிக்கப் போகிறார்கள். கொல்லையில் அம்மா வைத்த மாதுளையும் போய்விடும். சின்னவள் அதன் கிளைகளை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, கண்டக்டரின் பஸ்ஸில் வந்து ஏறினாள்.

"மாமா, இதை அக்காகிட்ட குடுத்துடுங்க. நான் போற வீட்டுல வெயிலே படாது. இதுல ஒண்ணாவது உயிர் பிடிச்சா சொல்லி அனுப்புங்க. நான் வந்து பாக்குறேன்."

ஒன்று பிழைத்தால் தங்கை வருவாள்! பெரியவளுக்கு இரவும் பகலும் இதே நினைப்பு. நினைப்பு அதிகமாக அதிகமாகக் கை துடித்தது. பிடுங்கிப் பார்த்துப் பார்த்தே தங்கை அனுப்பிய குச்சிகள் ஒவ்வொன்றாகக் கறுத்து அழுகின. மிஞ்சியது இந்த ஒன்றே ஒன்றுதான்.

விசிலுக்குப் பயந்து அன்று பிடுங்கவில்லை. ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லையே! கண்டக்டர் படியிறங்கியதும், தொட்டியைச் சாப்பாட்டுப் பையில் வைத்து ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அறைக்கதவைச் சாத்தி, மேசைமேல் தொட்டியை நிற்க வைத்தாள். பழக்கதோஷம், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றும் சொன்னாள். பொத்தானை அமுக்கினாள். திரையில் மண்ணும் சரளையும் வெள்ளை மூட்டமாகத் தெரிந்தன. வேர் இருக்கிறது என்று சொல்லவும் வழியில்லை, இல்லை என்று அழவும் வழியில்லை.

"என்னம்மா இது, நெஞ்சு பூரா சளி கட்டிக் கிடக்கு? யாரு பேஷன்ட்?"

தூக்கிவாரிப் போட்டது. பின்னால் டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.

"சார்... வந்து... மாதுளை சார்."

டாக்டர் திரையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், அவளுடைய கலங்கிய கண்களையும் பார்த்தார். தங்கை கதை முழுவதையும் அவள் கொட்டித் தீர்த்த பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்டிப்பான குரலில் சொன்னார்.

"பேஷன்ட்டுக்கு முழு ஓய்வு தேவை. சொந்தக்காரங்க அடிக்கடி வந்து தொட்டுப் பாக்குறதை உடனே நிறுத்தணும். மருந்தெல்லாம் வேண்டாம். இன்னொரு தடவை இந்த மெஷின்ல ஏத்தினா நான் உங்களை அட்மிட் பண்ணிடுவேன்."

விசிலுக்கு அடங்காதவள் வைத்தியர் வாக்குக்கு அடங்கினாள். ஈரம் காயாமலிருக்கத் தொட்டிமேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, நிழலில் தள்ளி வைத்து, தண்ணீர் தெளிப்பதோடு விலகிக்கொண்டாள். கண்டக்டருக்கே சந்தேகம் வந்து, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வாரங்கள் போயின. ஒரு காலை, குச்சியின் கணுவில் எள்ளளவு சிவப்பு தெரிந்தது. இலை!

"இன்னிக்கே சின்னவகிட்ட சொல்லிடுறேன்!" கண்டக்டர் குதித்தார்.

"வேண்டாங்க! இலை வந்தா வேர் வந்துச்சுன்னு அர்த்தமில்ல. குச்சிக்குள்ள இருக்கிற சத்தை வெச்சே இலை விட்டுடும். அவ வந்து நிக்கிறப்ப வாடிப்போச்சுன்னா..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்டக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போய், மறுநாளே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால் சின்னவள்! காதோரம் நரைத்திருந்தது. வந்த அவசரத்தில் தோளில் குத்திய தையல் ஊசிகளைக்கூட எடுக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டீ ஆறியது. கண்டக்டர் மட்டும் வானிலை, பஸ், பெட்ரோல் என்று தனியாகப் பேசிக் களைத்தார். கடைசியில் பால்கனிப் பக்கம் கையைக் காட்டினார்.

சின்னவள் தொட்டியருகே குனிந்து பிளாஸ்டிக் பையை விலக்கினாள். இந்த விரலளவு குச்சியா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நொடி, யாரும் எதிர்பாராமல், இரண்டு விரலால் குச்சியைப் பிடித்து இழுத்தாள்!

"ஐயோ! விடுடி பாவி!"

பெரியவளின் அலறல் தெருக்கோடி வரை கேட்டது. இத்தனை வருஷத்தில் அக்கா தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

சின்னவள் விரலை எடுத்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"வர மாட்டேங்குதுக்கா."

"என்னது?"

"குச்சி வர மாட்டேங்குது. உள்ள யாரோ கெட்டியாப் பிடிச்சிருக்கிற மாதிரி இருக்கு."

பெரியவள் மண்டியிட்டாள். ஒற்றை விரலால் மெல்ல, மிக மெல்ல அசைத்துப் பார்த்தாள். மண்ணும் சேர்ந்து அசைந்தது.

"வேர் விட்டிருக்குடி! வேர் விட்டிருக்கு!"

யார் முதலில் கட்டிக்கொண்டார்கள் என்று கண்டக்டருக்கே தெரியாது. இரண்டு பேரும் ஒரே மூச்சில் அழுதார்கள், சிரித்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள். தோளில் இருந்த ஊசி குத்தி பெரியவள் "ஆ" என்றாள், பிடியை மட்டும் விடவில்லை.

"பிடுங்கிப் பாக்குறது குடும்ப வியாதின்னு இப்பத்தானே தெரியுது" என்றார் கண்டக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா."

"நானும்தான்டி. டீ ஆறிடுச்சு. இரு, வேற போடுறேன்."

மூன்று பாத்திரம் டீ போட்டார்கள். வெயில் இறங்கிய பிறகுதான் சின்னவள் எழுந்தாள்.

"எடுத்துட்டுப் போறியாடி?" பெரியவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டாள்.

"வெயில் படாத வீட்டுல வெச்சு சாகடிக்கவா? இங்கயே இருக்கட்டும். ஆனா கிளை வெட்டுறப்ப நான்தான் வெட்டுவேன். கத்தரி பிடிச்ச கை என்னோடது."

"அதுக்கு இன்னும் வருஷக்கணக்காகும்டி!"

"ஆகட்டும். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து அளவெடுத்துட்டுப் போறேன்."

படியில் பாதி இறங்கியவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் வர்ற வரைக்கும் தொடாதேக்கா!"

"போடி, எனக்குத் தெரியும்!"

செருப்புச் சத்தம் கீழே போய் ஓயும் வரை வாசலிலேயே நின்றிருந்துவிட்டு, பெரியவள் கதவைச் சாத்தினாள்.