திலகவதி விற்ற சிவப்புப் புடவை

நெய்வேலி பதினெட்டாம் பிளாக்கில் திலகவதியின் குவார்ட்டர்ஸ் எது என்று கேட்டால் யாரும் நம்பர் சொல்வதில்லை. "ஜவுளிக்கார அக்கா வீடுதானே?" என்று கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். கணவர் சோமசுந்தரம் மைன்ஸில் பெர்மனன்ட். அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிய கையோடு முன்னறை கடையாகிவிடும். கட்டில் நிறைய நைட்டி, நாற்காலியில் உள்பாவாடை, டி.வி. ஸ்டாண்டில் தலையணை உறை. சங்கரன்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், பொழுது போகாமல் நாலு சேலையைப் பக்கத்து வீட்டில் விற்றாள். அப்படித் தொடங்கிய வியாபாரம்.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. ஊரில் எது விலை ஏறினாலும் அவள் ஏற்ற மாட்டாள். ஈரோட்டு மொத்த வியாபாரி விலையைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே மடக்கிவிடுவாள்.

"தம்பி, நான் எத்தனை வருசத்து ஆளு! பழைய ரேட்டுன்னா அனுப்பு. இல்லைன்னா வேற இடம் பாத்துக்கிடுதேன்."

அவரும் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்.

சரக்கு மெலிந்துகொண்டு வந்தது அவள் கண்ணில் படாமல் இல்லை. நைட்டியின் பை சிறுத்துப்போய், குனிந்தால் செல்போன் நழுவி விழுந்தது. துண்டு ஈரத்தை உறிஞ்சாமல் முதுகில் இங்கிருந்து அங்கே தள்ளிவிட்டது. போர்வையை விரித்துப் பிடித்தால் எதிரில் நிற்பவர் யாரென்று தெரிந்தது. "இப்பல்லாம் எங்க போனாலும் இப்படித்தான்" என்று வாங்க வந்தவர்களை அவளே தேற்றி அனுப்பினாள்.

போன தை மாதம் பிளாக் பெண்கள் மாலை போட்டு, பஸ் பிடித்து மேல்மருவத்தூர் கிளம்பினார்கள். எல்லோருக்கும் சிவப்புப் புடவை திலகவதி கொடுத்ததுதான். அவளும் அதிலேயே ஒன்றைக் கட்டியிருந்தாள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வரும் கனகம் மட்டும் புதிது வாங்கவில்லை. "முன்ன நீ குடுத்ததே நல்லாத்தான் இருக்குது, அது போதும்க்கா" என்று பழைய புடவையையே கட்டிக்கொண்டு வந்தாள்.

கோயில் வரிசையில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. சிரித்துக்கொண்டே நனைந்தார்கள். திடீரென்று அடுத்த வீட்டு அகிலா அலறினாள்.

"ஐயோ, என் கால்ல ரத்தம்!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அகிலா காலில் மட்டுமா? அத்தனை பேர் கணுக்காலிலும் சிவப்பாக வழிந்தது. கையில், கழுத்தில், ஒருத்திக்குக் காது மடலில்கூடச் சாயம். புடவைகள் வெளிறி ரோஸ் நிறமாகிக்கொண்டிருந்தன. நடுவில் கனகம் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்தும் பளிச்சென்ற சிவப்பில் நின்றாள்.

"இன்னாக்கா இது, எல்லாரும் கலர் மாறிகினு இருக்கீங்க?"

அவ்வளவுதான். வரிசையே சிரித்தது. திரும்பும்போது டிரைவர் சீட்டெல்லாம் பிளாஸ்டிக் சாக்கு விரித்துவிட்டுத்தான் அவர்களை ஏற்றினார். ஒருவராவது திட்டியிருந்தால் திலகவதிக்கு மனசு ஆறியிருக்கும். யாரும் திட்டவில்லை. விழுப்புரம் தாண்டி, பண்ருட்டி தாண்டி, வீடு வரும்வரை கேலியும் பாட்டும்தான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கனகத்தின் முந்தானையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இதுவும் தன் கையால் விற்றது, அதுவும் தன் கையால் விற்றது.

மறுநாள் ஈரோட்டுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தாள். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க அக்கா, நூல் ஏறிப்போச்சு, கூலி ஏறிப்போச்சு. நீங்க அதே ரேட்டுல கேட்டீங்க. அந்த ரேட்டுக்கு என்ன வருமோ அதைத்தானுங்க அனுப்புனேன்."

திலகவதிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் விலை ஏறாமல் பிடித்து வைத்திருந்ததாக நினைத்தோமே, துணியிலிருந்தல்லவா பிடித்திருக்கிறார்கள்!

"சரி தம்பி, சாயம் போகாத துணி என்ன ரேட்டு? அதைச் சொல்லு முதல்ல" என்றாள்.

புது பண்டல் வந்தது. பிரித்தவுடன் ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றை எடுத்துக் கொல்லைக் குழாயடியில் நாலு தரம் அலசி, கொடியில் போட்டாள். வாங்க வருகிறவர்களைக் கொடிப் பக்கம்தான் முதலில் கூட்டிப்போனாள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த சோமசுந்தரம், கொல்லை முழுக்கப் பெண்கள் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் முன்வாசல் வழியாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

விலையைக் கேட்டதும் அகிலாவுக்கு முகம் சுருங்கியது. "ஆன்லைன்ல இதுல பாதிதான் அக்கா" என்று போய்விட்டாள். இன்னும் சிலரும் வரவில்லை. ஈரோட்டிலிருந்து பெரிய பண்டல் எடுத்த திலகவதி இப்போது சின்ன பண்டல்தான் எடுக்கிறாள். கட்டிலில் உட்கார இடம் கிடைத்ததில் சோமசுந்தரத்துக்குச் சந்தோஷம்.

போன வாரம் கனகம் வந்தாள். ஒரு நைட்டியைத் திருப்பி, தையலை இழுத்து, பையில் போனைப் போட்டு, குனிந்து, நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இம்மாம் வெலையா? கொறச்சிக்க யக்கா."

"குறைச்சா துணிதான்ட்டி குறையும். எந்த இடத்துல வெட்டட்டும்? சொல்லு."

கனகம் தன் முழங்காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பிறகு சிரித்துவிட்டாள்.

"வோணாம், வோணாம். முழுசாவே குடு. காடாம்புலியூர்ல எங்க அக்கா இருக்குது, அதுக்கும் ஒண்ணு எடுத்து வையி. அது கொஞ்சம் ஒடம்புக்காரி, பெரிய சைஸா பாரு."

திலகவதி ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த பண்டலை இறக்கினாள்.