முப்பத்தோரு ஸ்டிக்கர் ஒட்டிய ஹெல்மெட்

சனிக்கிழமை ஆட்டத்தில் ஊரே பந்தைப் பார்க்கும். டார்லா ஹாவ்லிக் மட்டும் மண்டைகளைப் பார்ப்பாள். நெப்ராஸ்கா சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னக் கல்லூரியின் ஃபுட்பால் அணிக்கு, அதாவது ஹெல்மெட் மாட்டி ஆளோடு ஆள் மோதும் அமெரிக்க ஃபுட்பாலுக்கு, இருபத்தாறு வருஷமாக அவள்தான் சாமான் அறைப் பொறுப்பாளர். அதற்கு முன்னால் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்த்தவள். இரண்டும் அழுக்குத் துணி சம்பந்தப்பட்ட வேலைதான் என்பாள்.

மொத்தம் எண்பத்திரண்டு ஹெல்மெட். ஒவ்வொன்றின் உள்ளேயும் காற்று மெத்தைக்குக் கீழே, தலையில் விழும் அடியை அளக்கும் சென்சார். தலையில் பலமாக இடி விழுந்தால், மைதான ஓரத்தில் நிற்கும் ஐயோனியின் கைக்கருவி கத்தும்; ஆட்டக்காரனின் எண்ணையும் காட்டும். ஐயோனி காயம் பார்ப்பவள். அடிபட்டவனை வெளியே கூப்பிட்டுச் சோதித்துவிட்டுத்தான் திரும்ப அனுப்புவாள்.

அந்தக் கருவி கத்த ஆயிரம் காரணம் உண்டு. கோபத்தில் ஹெல்மெட்டை பெஞ்சில் விட்டெறிந்தால் கத்தும். பயிற்சி முகாமின் முதல் நாள் பையன்கள் கூட்டமாக மொட்டை போட்டுக்கொண்டு வந்தால், மெத்தை தளர்ந்து சும்மா தலையாட்டினாலும் கத்தும். டார்லா வாயாரத் திட்டிக்கொண்டே மொட்டை மொட்டையாகப் போய் மெத்தைகளுக்குக் காற்றடிப்பாள்.

இந்த வருஷம் சிக்கல், கத்தாத ஒரு ஹெல்மெட். எண் நாற்பத்து நான்கு, டர்க் ஸ்வோபோடா. எதிராளி மேல் பாய்ந்து விழுவதே அவன் வேலை. நன்றாக விழுந்தால் ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது அணியின் வழக்கம். அவனிடம் முப்பத்தொன்று இருந்தது. ஆனால் மூன்று ஆட்டமாக அவன் பெயரில் ஓர் அடிகூடப் பதிவாகவில்லை. தேவாலயப் பாட்டுக் குழுவில் நின்றவன் மாதிரி. கோச் ராஸ்முசனுக்கு அதில் பெருமை வேறு. பையன் மண்டை அவ்வளவு கெட்டியாம்.

டார்லா பேட்டரியை மாற்றினாள். வியர்வை உப்பேறிய முனைகளைத் துடைத்தாள். மரத்தலையில் மாட்டி ரப்பர் சுத்தியலால் அடித்தாள். மேஜை மேலிருந்த கருவி நன்றாகவே கத்தியது. மைதானத்துக்குப் போனால் மௌனம். தன் அறிவின் மேல் அவளுக்கு அபார மரியாதை. ஆகவே ஒரு வாரம் ஐயோனியைக் குறை சொன்னாள்.

பழைய மாணவர்கள் திரளும் பெரிய ஆட்டத்துக்கு முந்தைய மத்தியானம், ஐயோனியைக் கருவியோடு கோட்டோரம் நிறுத்திவிட்டு, மரத்தலையைத் தூக்கிக்கொண்டு நடு மைதானத்துக்குப் போனாள். பிக்கப் வண்டியில் போனவர்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தார்கள். ஒவ்வொன்றாக மாட்டி அடித்துப் பார்த்த மற்ற ஹெல்மெட்டெல்லாம் அங்கிருந்தும் கத்தின. நாற்பத்து நான்கு பத்தடி தூரத்தில் கத்தியது, நாற்பதடி தூரத்தில் ஊமையானது. அப்போதுதான் ஸ்டிக்கர்களை உற்றுப் பார்த்தாள். இந்த வருஷம் கோச் ஆசையாக வரவழைத்தவை மினுமினுக்கும் உலோகத்தாள். கருவிக்குச் சிக்னல் அனுப்பும் ஆன்டெனா சரியாக அதற்கு அடியில்; உலோகம் சிக்னலை மறித்துக்கொண்டிருந்தது. பாதியைப் பிய்த்தாள், லேசாகக் கத்தியது. எல்லாவற்றையும் பிய்த்ததும் ஐயோனி காதைப் பொத்திக்கொண்டாள். அதிகம் மோதியவனுக்கு அதிகம் ஸ்டிக்கர்; அதிகம் ஸ்டிக்கர் உள்ளவனுக்கு எச்சரிக்கையே கிடையாது. மூன்று ஆட்டம் மேஜையிலேயே சோதித்துத் திருப்திப்பட்டதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

டர்க் சண்டைக்கு வந்தான்.

"நாளைக்கு எங்கப்பா எண்பது மைல் வண்டி ஓட்டிட்டு வர்றாரு, மிஸ் டார்லா. இப்படி மொட்டை ஹெல்மெட்டோட நிக்கணுமா நான்?"

"முகாம்ல முதல் ஆளா மொட்டை போட்டவன்தானடா நீ? அன்னிக்கு வராத வெக்கம் இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

உர்ரென்று உட்கார்ந்து, முப்பத்தொன்றையும் தன் அலமாரிக் கதவில் ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுத்தான் போனான். மற்றவர்களுடையதையும் டார்லா உரித்துப் போட்டாள். கோச் முணுமுணுத்தார்.

மறுநாள் ஆட்டம் சமநிலையில் இருந்தபோது டர்க் ஒருவன் மேல் பாய்ந்தான். கருவி கத்தியது: நாற்பத்து நான்கு. அவன் எழுந்து, விழுந்தவனையும் தூக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதவன்போலக் கோட்டோரம் வந்தான்.

கோச் டார்லாவிடம் வந்தார். "நேத்து நோண்டினீங்கல்ல, அதான் சும்மா கத்துது. சும்மாதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவனை உள்ள அனுப்பிடறேன்."

நோண்டியது உண்மை. தப்பாகக் கத்தியிருந்தால், அப்பா கண்ணெதிரே பையனை உட்காரவைத்த பாவம் அவளுக்கு. ஹெல்மெட்டை வாங்கி மெத்தைகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். காற்று இருந்தது. சென்சார் இடத்தில் இருந்தது.

"நிஜமான அடி, கோச்."

அவள் கையிலிருந்த ஹெல்மெட்டின் பின்பக்கத்தை டர்க் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"மிஸ் டார்லா, என் ஸ்டிக்கரையெல்லாம் யாரு எடுத்தா?"

முப்பத்தொன்றையும் நேற்று தன் கையாலேயே அலமாரியில் ஒட்டியவன் அவன். ஐயோனி அவன் தோளைப் பிடித்து மெல்ல அழைத்துப் போனாள். டார்லா ஹெல்மெட்டைச் சாமான் பெட்டிக்குள் வைத்து, மூடி, அதன் மேல் உட்கார்ந்தாள். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் கோச் ஒருமுறை வந்து பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பிப் போனார். கடைசி விசில் வரை அவள் எழுந்திருக்கவில்லை.