நான்கு புள்ளி இரண்டும் எங்கள் வீட்டு மாடியும்

அலுவலகத்துக்குள் நுழைந்து கணினியைத் திறந்ததும் தினமும் நான் முதலில் பார்ப்பது என் வீட்டு மொட்டைமாடியை. ஜெர்மனியில் நான் வந்து சேர்ந்திருக்கும் இந்தச் சிறு நகரத்தில் பனிக்காலத்துக் காலை அப்போது இன்னும் விடிந்து முடிந்திருக்காது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், பென்னலூரில், உச்சிவெயில் அடித்துக்கொண்டிருக்கும். காலைக் கூட்டத்தின் வீடியோவில் ஜான்சி என்ற பெண்ணின் தலைக்குப் பின்னால் ஒரு கதவு திறந்திருக்கும். கதவுக்கு அப்பால் எங்கள் துணிக்கொடி, கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, தூரத்தில் ஏதோ ஒரு தொழிற்சாலையின் நீலத் தகரக் கூரை. சில நாட்களில் காய்ந்த துணியை எடுக்க ஓர் அம்மாள் வருவாள். வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, போர்வையை உதறி மடிப்பாள். அவள்தான் என் அம்மா. நான் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் அம்மா போர்வையை உதறிய சத்தம் கூட்டம் முழுக்கக் கேட்டது. ஜான்சி திரும்பி, "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்றாள். என் மேலதிகாரி உல்ரிக்குக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. அவளுடைய தாயா என்று விசாரித்தார். இல்லை, ஹவுஸ் ஓனர், எங்கள் பக்கம் வயதில் மூத்தவர்களை அம்மா என்றுதான் கூப்பிடுவோம் என்று ஜான்சி ஆங்கிலத்தில் விளக்கினாள். விளக்கிவிட்டு ஒரு கணம் நிறுத்தினாள். மீதியை நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நான் சொல்லவில்லை. இங்கே வீட்டை யாரும் அலுவலகத்துக்குள் கொண்டுவருவதில்லை. மாலையில் 'ஃபையராபெண்ட்', அதாவது இன்றைய வேலை முடிந்தது, என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், மறுநாள் காலை வரை ஒருவருக்கு இன்னொருவர் யாரோ. அது ஒரு காரணம். இன்னொன்று, அந்த இடத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு ஆங்கிலம் பேச வராது.

ஜான்சியை அந்த மாடிக்கு அனுப்பியவனே நான்தான். சாத்தான்குளத்துப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கார்களின் மழைத்துடைப்பானை இயக்கும் சிறு மின்பெட்டிக்கு மென்பொருள் எழுதும் எங்கள் அணியில் வந்து சேர்ந்தபோது, சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு ஹாஸ்டலில் இருந்தாள். ஒரு அறையில் ஒரு ஊரே இருக்கும். குளிக்க வரிசை, தினமும் ஷேர் ஆட்டோவில் மடிமேல் மடியாக உட்கார்ந்து வரவேண்டும். எனக்கு ஜெர்மன் தலைமை அலுவலகத்தில் இடம் கிடைத்தபோது, என் வேலையை அவளிடம் ஒப்படைத்தேன். அம்மா தனியாக இருப்பாளே என்று மாடியறையையும் அவளுக்கே பேசி முடித்தேன். வெளிநாட்டு அழைப்புகளை வீட்டிலிருந்தே பேச வசதியாக அப்பா உயிரோடிருந்தபோது எனக்காகக் கட்டிக்கொடுத்த அறை அது. பிளக் பாயிண்டுகள் எங்கெங்கே வேண்டும் என்று சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்தது நான். இப்போது அதில் அவளுடைய சார்ஜர் தொங்குகிறது. அவளுக்கு இரண்டாம் ஷிஃப்ட் என்பதால், கம்பெனி பஸ் வருமுன் அங்கிருந்தே கூட்டத்துக்கு வந்துவிடுவாள்.

எரிச்சலுக்கு இது மட்டும் போதாதா? மீன்குழம்பில் தேங்காய் விட்டால் மணமே போச்சு என்று என் வாழ்நாள் முழுக்கச் சொன்ன அம்மா, இப்போது தேங்காய் அரைத்து ஊற்றுகிறாள். அந்தப் பெண்ணுக்கு அப்படித்தான் பிடிக்குமாம். நான் போன் செய்தால், சாப்பிட்டாயா, குளிரா என்ற இரண்டு கேள்விகளுக்குப் பிறகு பேச்சு ஜான்சியிடம் போய்விடும். ஜான்சி டேங்கைக் கழுவ ஆள் கூட்டிவந்தாள், ஜான்சி பிரஷர் மாத்திரையை மாற்றச் சொன்னாள். எங்கிருந்தோ வந்தவள் எங்கள் வீட்டில் வேர்விட்டுவிட்டாள். அந்த ஊரிலேயே பிறந்த நான், இங்கே எந்தக் குப்பையை எந்த நிறத் தொட்டியில் போடுவது என்று அண்டைவீட்டுக் கிழவரிடம் இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

வேலையிலும் அவள்தான் என் நாற்காலியில். நாங்கள் எழுதும் நிரலில் யார் எந்த மாற்றம் செய்தாலும் அது தேதியோடும் பெயரோடும் வரிசையாகப் பதிவாகிக்கொண்டே போகும். அந்த நீண்ட வரிசையில் ஓர் இடத்தில் ஆணி அடித்ததுபோல் ஒரு பெயரைப் பொருத்துவார்கள். அதற்கு டேக் என்று பேர். 4.1 என்றால் தொழிற்சாலைக்குப் போனது இதுதான், இதில் இனி ஒரு புள்ளிகூட மாறாது என்று பொருள். அந்த டேக்கை அடிக்கும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான். ஒரகடத்தில் அது ஒரு சடங்குபோல நடக்கும். அணி முழுக்க நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும், தொழிற்சாலையின் உற்பத்தி லைன் சூப்பர்வைசர் போனில் காத்திருப்பார். அடித்து முடித்ததும் எல்லோரும் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கும் கடைக்கு பஜ்ஜி சாப்பிடக் கிளம்புவோம். நான் அடித்த டேக்குகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பஜ்ஜியின் ருசி உண்டு. இங்கே வந்த பிறகு, அவள் அடித்துவிட்டாள் என்ற மின்னஞ்சல் மட்டும் வரும்.

இந்தப் பனிக்காலத்தில், அவள் அடித்த 4.2-ல் ஒரு கோளாறு கிளம்பியது. எங்கள் சோதனைக்கூடத்துக் காரில் துடைப்பானை நிறுத்தினால், கீழே போய்ப் படுக்கவேண்டியது சில நேரம் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டது. போன பதிப்பில் ஒழுங்காக ஓடியது புதுப் பதிப்பில் கெட்டுப்போவதற்கு ரெக்ரஷன் என்பார்கள். எங்கள் தொழிலில் இதைவிட அவமானம் கிடையாது. உல்ரிக் ஒரகடத்தைக் கேட்டார். இங்கே நன்றாக ஓடுகிறது என்று ஜான்சி வீடியோ எடுத்து அனுப்பினாள். அதே 4.2-தான், அங்கே துடைப்பான் சமர்த்தாகப் படுத்தது. இங்கே மறுபடி மறுபடி நடுவில் நின்றது. அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று இவர்களும், இவர்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று அவர்களும் நினைத்தார்கள். இரண்டு பக்கத்து மனசும் தெரிந்தவன் நான் ஒருவன். கண்டுபிடிக்கும் வேலையை உல்ரிக் என்னிடம் தந்தார். தவறு அந்தப் பக்கம் என்றால் டேக் அடிக்கும் உரிமை இங்கே வந்துவிடும், அதைப் பார்த்துக்கொள்ள உன்னைவிட யார் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அன்று மதியம் எனக்கு இந்த ஊர் ரொட்டிகூட ருசித்தது.

தேடுகிற முறை எளிது. 4.1 நல்லது, 4.2 கெட்டது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் மாற்றங்களில் சரிபாதியில் ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்ப்போம். அது நல்லதென்றால் குற்றவாளி பின்பாதியில், கெட்டதென்றால் முன்பாதியில். பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரே ஒரு மாற்றமும் அதைச் செய்தவர் பெயரும் மிஞ்சும். ஒவ்வொரு பாதியிலும் ஜான்சியின் பெயர் உள்ளே இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமில்லை, அப்படித்தான் இருந்தது மனசு. கடைசியில் மிஞ்சிய பெயர் எங்கள் ஜெர்மன் அணியிலேயே ஒருவருடையது. துடைப்பான் கீழே போய்ச் சேரக் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கிறேன் என்று ஓர் எண்ணை மாற்றியிருந்தார். பரீட்சையில் பக்கத்துப் பையனுக்கு முதல் மார்க் என்று கேட்டதுபோல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதோடு விடவும் முடியவில்லை. இந்தப் பிழை உள்ளே இருந்தால் ஒரகடத்தில் மட்டும் எப்படி ஓடும்? 4.2 எந்த இடத்தில் அடிக்கப்பட்டிருக்கிறது என்று என் கணினியிலும், பொதுவான மையச் சேமிப்பிலும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு இடம். அவள் ஆணியைப் பிடுங்கி, ஒரு மாற்றம் தள்ளி மறுபடி அடித்திருந்தாள்.

அந்த ஒரு மாற்றம், இந்தப் பிழைக்கு அவள் போட்ட திருத்தம். டேக் அடித்த சற்று நேரத்திலேயே தொழிற்சாலையில் துடைப்பான் நடுவில் நிற்பதைப் பார்த்து, எங்களுக்கு முன்பே கண்டுபிடித்து, சரிசெய்து, டேக்கை அதன்மேல் நகர்த்தியிருக்கிறாள். ஒரகடத்துக் குழுவில் சொல்லியிருக்கிறாள், எங்களிடம் சொல்ல விட்டுப்போயிருக்கிறது. நகர்த்திய டேக் தானாகவே எங்களுக்கும் வந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள் போல. டேக்கை ஏற்கெனவே தங்கள் கணினியில் இறக்கி வைத்திருப்பவர்களிடம் அது தானாக மாறாது. அதே பெயரில் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். 4.2.1 என்று புதிதாக ஒன்று அடித்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஏன் அடிக்கவில்லை என்பதும் அந்த ஊரில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். பெட்டிகளில் 4.2 என்று லேபிள் ஒட்டியாகிவிட்டிருக்கும், லாரி கேட்டில் நின்றுகொண்டிருக்கும். எண்ணை மாற்றினால் அத்தனை லேபிளையும் உரிக்கவேண்டும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொள்வார். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதவரை சொல்லப்போவதில்லை.

அவளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நீயே உல்ரிக்குக்கு எழுதிவிடு என்றால் நாசூக்காக முடிந்திருக்கும். நான் உல்ரிக்குக்கும் இரண்டு அணிகளுக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அதில் பொய் ஒன்றுமில்லை. திருத்தம் போட்டவள் அவள்தான் என்பதைக்கூட எழுதினேன், கடைசி வரியில். மறுநாள் கூட்டத்தில் உல்ரிக் கோபப்படவில்லை. இந்த ஊரில் கோபப்படாமலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். வெளியே போன டேக் நகர்ந்தால் பிறகு எதையுமே நம்ப முடியாது, ஆகவே அடுத்த பதிப்பிலிருந்து அந்த வேலை இங்கே நடக்கும் என்றார். ஜான்சி லேபிள்களையும் லாரியையும் சொல்லிப் பார்த்தாள். பெட்டிமேல் ஒட்டும் தாளுக்கும் நிரலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார். அவள் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தமிழில் என்னிடம் ஒன்று சொன்னாள்.

"அண்ணே, எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா."

என்ன சொல்கிறாள் என்று உல்ரிக் கேட்டார். புரிந்துகொண்டதாகச் சொல்கிறாள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவே கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. குளிரைப் பற்றியும் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணு சரியா சாப்புடறதே இல்லடா. மாடிலயே அயுதுகினு கீது. உங்க ஜெர்மன் ஆபீஸ்ல எவனோ போட்டுக் குடுத்துட்டானாம். யாருன்னு கேட்டா சொல்லமாட்டேங்குது. உனுக்குத் தெரிஞ்ச ஆளா இருந்தா நீ கொஞ்சம் கேளுடா."

கேட்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது? ஜான்சி என் பெயரைச் சொல்லியிருந்தால் நானும் அவளும் சமம் என்று ஆகியிருக்கும். டேக் விஷயத்தில் நியாயம் என் பக்கம் என்று நானும் அம்மாவிடம் வாதாடியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல், நான் கூசும்படி வாயை மூடிக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தாள். என் தாய் அவளுக்காக என்னிடமே சிபாரிசுக்கு வருகிறாள். அந்த நல்ல குணத்தின்மேலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

4.3-ஐ நான் அடித்தேன். பின்னால் யாரும் நிற்கவில்லை. பொத்தானைத் தட்டினேன், என் பெயரோடு பதிவானது. உல்ரிக் தன் மேசையிலிருந்து எழுந்திருக்காமலே 'குட்' என்றார். கடைத்தெருவில் பஜ்ஜிக்கு வழியில்லை. பிஸ்கட் ஒன்றைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் ஜான்சி வந்தபோது, அவள் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. பின்னாலிருந்ததையெல்லாம் மங்கலாக்கும் வசதியைப் போட்டிருந்தாள். கதவு, கொடி, தொட்டி எல்லாம் கலங்கலான நிறங்களாகிவிட்டன. என் கணினியில் கோளாறோ என்று திரையைத் துடைத்தேன். அவளை எதற்கு என்று கேட்க எனக்கு வாயில்லை. 4.3 நன்றாக இறங்கியது, லைன் ஓடுகிறது என்று அவள் அடக்கமாகச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது உல்ரிக், இப்போதெல்லாம் அந்த ஹவுஸ் ஓனர் அம்மாவைப் பார்க்கவே முடியவில்லையே என்றார், அவரளவில் அன்பாகத்தான். ஜான்சி பதில் சொல்லாமல், முன்போலவே ஒரு கணம் நிறுத்தினாள்.

இந்த முறை நான் சொன்னேன். அவர் என் அம்மா என்றேன்.

உல்ரிக் பெரிதாகச் சிரித்தார். தெரியும், தெரியும், உங்கள் நாட்டில் மூத்தவர்கள் எல்லோரும் அம்மாதான், ஜான்சி எங்களுக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஜான்சி திருத்தவில்லை. நானும் இரண்டாம் முறை சொல்லவில்லை. யாரோ எண்களைப் படித்துக்கொண்டிருந்தபோது, அவள் தோளுக்குப் பின்னால் கலங்கலுக்குள் ஒரு நிறம் அசைந்தது. அந்த வசதி மனித உருவம் என்று தோன்றினால் சட்டென்று தெளிவாக்கிக் காட்டும். ஒரு கை தெரிந்தது, பச்சைக் கண்ணாடி வளையலோடு, கொடியிலிருந்து எதையோ இழுக்கும் கை. பிறகு இவள் கூட்டத்தைச் சேர்ந்தவள் இல்லை என்று அதுவே முடிவு செய்து, கையை மறுபடி மங்கலாக்கிவிட்டது.